பல் பிடுங்கலுக்குப் பின் குணமாதல்

பல் பிடுங்கலுக்குப் பின் குணமாதல் என்பது, தாடை எலும்பிலிருந்து பல் ஒன்று அகற்றப்பட்டபின் அவ்விடத்துக் காயம் ஆறி, ஈறு மூடி, பற்குழி புதிய எலும்பால் நிரம்பும் இயற்கை நிகழ்வையும் அதற்குத் துணைசெய்யும் பராமரிப்பையும் குறிக்கும். இழந்த பல்லுக்கு ஈடாகத் தாடை எலும்பினுள் உலோகத் திருகாணி ஒன்றைப் பொருத்தும் பல் உள்வைப்பு அறுவைக்குப் பிந்தைய குணமாதலும் இதனுடன் சேர்த்தே நோக்கப்படுகிறது. பல் மருத்துவமனைகளில் இவ்வுள்வைப்பு பெரும்பாலும் இம்பிளாண்ட் என்றே அழைக்கப்படுகிறது.

பல் பிடுங்குதல் மிகப் பரவலாகச் செய்யப்படும் சிறு அறுவைகளுள் ஒன்றாகும். பெரும்பாலானோர் ஒரு வாரத்துக்குள் தம் அன்றாட வாழ்வுக்குத் திரும்பிவிடுகின்றனர். எனினும் வலி நிற்கும் நாளும் காயம் ஆறி முடியும் நாளும் ஒன்றல்ல. ஈறு மூடுவதற்கு வாரங்களும் எலும்பு நிரம்புவதற்கு மாதங்களும் ஆகின்றன. சிக்கல்களில் சில, நோயாளி தாம் நலமடைந்துவிட்டதாக எண்ணத் தொடங்கும் காலத்திலேயே தோன்றுகின்றன. பல் மருத்துவர் தரும் அறிவுரைகள் பலவற்றின் காரணம் இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால் எளிதில் விளங்கும்.

பற்குழி ஆறும் விதம்

பல்லின் வேர் தாடை எலும்புடன் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள இழைப்படலம் ஒன்று உள்ளது. பல்லைக் குழியில் தாங்கி நிற்பதும், கடிக்கும்போது ஏற்படும் அழுத்தத்தை உணர்வதும் இப்படலமே. பல் பிடுங்கப்படும்போது இந்த இழைகளும் அவற்றினூடாகச் செல்லும் நுண்குழாய்களும் அறுபடுகின்றன. அவற்றிலிருந்தும் எலும்புச் சுவரிலிருந்தும் வடியும் இரத்தம் குழியை நிரப்பி உறைகிறது. இவ்வாறு உருவாகும் இரத்தக்கட்டி, குழிக்கு மூடி போலவும், புதிய திசு ஏறிப் படர்வதற்கான பந்தல் போலவும் பயன்படுகிறது. உடலின் வேறிடங்களில் உள்ள காயத்தைத் துணியால் கட்டிவைக்க இயலும். வாயினுள் அது இயலாதாகையால், கட்டு செய்ய வேண்டிய வேலையையும் இந்த இரத்தக்கட்டியே செய்கிறது.

இரண்டு, மூன்று நாட்களில் குழியின் சுவர்களிலிருந்து புதிய நுண்குழாய்களும் உயிரணுக்களும் கட்டிக்குள் வளரத் தொடங்குகின்றன. ஒரு வார அளவில் கட்டியின் பெரும்பகுதியை மென்மையான, செந்நிறத் துளிர்த்திசு பிடித்துக்கொள்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் குழியின் அடியிலும் ஓரங்களிலும் முதிராத எலும்பு தோன்றுகிறது. ஈறு ஓரங்களிலிருந்து நடுநோக்கி வளர்ந்து, மூன்று முதல் ஐந்து வாரங்களில் குழியின் வாயை மூடுகிறது. 6 முதல் 8 வாரங்களில் குழியின் பெரும்பகுதி முதிராத எலும்பால் நிரம்பியிருக்கும். அது உறுதியான எலும்பாக மாறுவதற்கு மேலும் பல மாதங்கள் ஆகும். இக்கால அளவுகள் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகின்றன.

முதல் சில நாட்களில் குழியின் மேல் வெண்மையான அல்லது மஞ்சள் சாயல் கொண்ட படலம் காணப்படலாம். இதனைச் சீழ் எனக் கருதிப் பலர் துடைத்தோ குச்சியால் நோண்டியோ எடுக்க முற்படுகின்றனர். இது பெரும்பாலும் இரத்த உறைவில் உள்ள ஃபைப்ரின் எனும் புரதத்தாலானது. ஆறிவரும் காயத்தின் இயல்பான தோற்றமாகும். இதனை அகற்றுதல் கூடாது.

குழி நிரம்பினாலும் தாடையின் அந்தப் பகுதி பழைய வடிவத்தை அடைவதில்லை. பல்லுக்கெனவே அமைந்த மெல்லிய எலும்புச் சுவர், பல் இல்லாதபோது கரைந்துவிடுகிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் 46 நோயாளிகளை ஓராண்டு காலம் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், பல் இருந்த இடத்தில் எலும்பு விளிம்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது எனவும், அக்குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே ஏற்பட்டது எனவும் கண்டறியப்பட்டது. உள்வைப்பு செய்ய எண்ணுவோர் அதனை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் எலும்பு ஒட்டு தேவைப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

முதல் 24 மணி நேரம்

முதல் நாளின் பராமரிப்பு முழுவதும் இரத்தக்கட்டி உருவாவதற்கும் அது இடம்பெயராமல் இருப்பதற்கும் உரியதாகும். பல் பிடுங்கியவுடன் மருத்துவர் குழியின் மேல் வைக்கும் காஸ் துணியை அல்லது பஞ்சை 30 முதல் 60 நிமிடங்கள் வரை எடுக்காமல் கடித்துக்கொண்டிருத்தல் வேண்டும். இரத்தம் நின்றுவிட்டதா எனப் பார்ப்பதற்காக ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை துணியை எடுத்துப் பார்ப்பது பரவலாகக் காணப்படும் தவறாகும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அப்போதுதான் உறைந்த இரத்தம் துணியுடன் சேர்ந்து பெயர்ந்துவிடும்.

முதல் நாள் உமிழ்நீர் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. இரண்டு சொட்டு இரத்தம் வாய் நிறைந்த உமிழ்நீரில் கலந்தாலே பெரும் இரத்தப்போக்கு போலத் தோன்றும். இதனைக் கண்டு அஞ்சி அடிக்கடி காறித் துப்புவதால் வாயினுள் உறிஞ்சும் விசை ஏற்பட்டு, நின்ற இரத்தம் மீண்டும் வடிகிறது. உமிழ்நீரை விழுங்கிவிடுவதே சிறந்தது. இரத்தம் தொடர்ந்து வடிந்தால் சுத்தமான துணியை ஈரமாக்கி மடித்துக் குழியின் மேல் வைத்து, நிமிர்ந்து அமர்ந்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்கலாம். துணிக்குப் பதிலாக நனைத்த தேயிலைப் பையை வைத்துக் கடிக்கும் வழக்கமும் உண்டு. தேயிலையில் உள்ள டானின் எனும் துவர்ப்புப் பொருள் இதற்கு உதவுவதாகக் கருதப்படுகிறது. ஆனால் முதன்மையான பயன் அழுத்தத்தினாலேயே கிடைக்கிறது.

உறிஞ்சுகுழல் மூலம் எதையும் குடித்தல் கூடாது. இளநீர் குடிக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் அதனைக் குழலிட்டு உறிஞ்சிக் குடிப்பதுண்டு. இளநீரால் தீங்கில்லை, உறிஞ்சுவதே தீங்கு. குவளையில் ஊற்றி அருந்த வேண்டும். சிகரெட், பீடி முதலியவற்றில் உறிஞ்சும் விசையோடு வெப்பமும் இரத்தக்குழாய்களைச் சுருக்கும் நிக்கோட்டினும் சேர்ந்துகொள்கின்றன. எனவே குறைந்தது மூன்று நாட்களுக்கும், இயன்றால் ஈறு மூடும் வரையிலும் புகைத்தலைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். மது, கடும் உடற்பயிற்சி, பாரம் தூக்குதல், நெடுநேரம் குனிந்து வேலை செய்தல் ஆகியனவும் இரத்தம் வடிவதைக் கூட்டக்கூடியவை. இரவில் கூடுதலாக ஒரு தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்திப் படுப்பது வீக்கத்தையும் துடிப்பு வலியையும் குறைக்கும்.

மரத்துப்போவதற்காக இடப்படும் ஊசியில் பொதுவாக லிடோகைன் மருந்துடன் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். அட்ரினலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி வைப்பதால், மருத்துவமனையை விட்டுப் புறப்படும்போது முற்றிலும் நின்றிருந்த இரத்தம், மருந்தின் வேகம் குறைந்தபின் வீட்டில் சிறிது கசியக்கூடும். இது எதிர்பார்க்கத்தக்கதே. உதடும் நாக்கும் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை மரத்திருக்கும். அதுவரை சூடான பானங்களையும் மெல்ல வேண்டிய உணவையும் தவிர்க்க வேண்டும். குழந்தைகள் மரத்துப்போன உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதால் அவர்களை அருகிலிருந்து கவனித்தல் இன்றியமையாதது.

வாய்த் தூய்மையும் உணவும்

முதல் 24 மணி நேரத்துக்கு வாய் கொப்பளித்தல் கூடாது. அதன்பின் ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின்னும் படுக்கைக்கு முன்னும் வாயில் வைத்து மெல்லச் சாய்த்து, வாயைத் திறந்து வழியவிட வேண்டும். கன்னம் உப்பக் கொப்பளிப்பது, துப்புவதைப் போன்றே கட்டியைப் பெயர்க்கும். மற்றைய பற்களை முதல் நாள் இரவே வழக்கம்போல் துலக்கலாம், துலக்கவும் வேண்டும். வலிக்கு அஞ்சிப் பல நாட்கள் பல் துலக்காதிருப்பவர்களிடம் உணவுத் துகள்கள் தேங்கித் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகுகிறது.

குளோர்எக்சிடின் கலந்த வாய்க்கழுவி அல்லது களிம்பைச் சில மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். இது உலர் பற்குழி ஏற்படும் வாய்ப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தொடர்ந்து பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படியும். தேநீர், காப்பி அருந்துவோரிடம் இக்கறை விரைவில் தோன்றும். மருத்துவரால் இதனை அகற்ற இயலும்.

உணவைப் பொறுத்தவரை முதல் இரண்டு நாட்களுக்கு ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்ச்சோறு, பாலில் ஊறிய இடியப்பம், மசித்த வாழைப்பழம், நன்கு வெந்த பருப்பு, முட்டை போன்றவை ஏற்றவை. முறுக்கு, பொரி, வறுத்த கடலை போன்றவற்றின் துணுக்குகள் குழியில் சிக்கிக்கொள்ளும். மிளகாய்க் காரம் எரிச்சலூட்டும். மறுபுறத்தால் மென்று, ஓரிரு நாட்களில் இட்லி, தோசை முதலியவற்றுக்கு மாறி, ஒரு வாரத்தில் வழக்கமான உணவுக்குத் திரும்பலாம். பல் பிடுங்கிய குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் குளிர்ச்சியின் பொருட்டு ஏற்றதே. ஆயினும் அதனைக் கரண்டியால் உண்ண வேண்டும்; மொறுமொறுப்பான கூம்பு தவிர்க்கத்தக்கது.

வெற்றிலை போடும் பழக்கமுடையோருக்கு இக்காலம் கடினமானது. பாக்குத் துகள், சுண்ணாம்பு, புகையிலை ஆகிய மூன்றுமே திறந்த காயத்துக்கு ஒவ்வாதவை. நெடுங்காலம் பாக்கு மெல்வோருக்கு வாயின் உட்புறம் இறுகி, வாய் திறப்பதே குறைந்திருப்பதும் உண்டு. அத்தகையோருக்குப் பல் பிடுங்குதலும் பின்னர் காயத்தைத் தூய்மையாக வைத்திருத்தலும் ஒருசேரச் சிக்கலாகின்றன.

வலியும் வீக்கமும்

எளிய பல் பிடுங்கலின் வலி முதல் நாளில் மிகுந்து, பின்னர் நாளுக்கு நாள் குறைந்து செல்லும். ஈறைக் கீறி எலும்பைக் குடைந்து எடுக்கப்படும் ஞானப்பல்லின் வலி இதைவிட மிகுதி. இவ்வலி முன்கூட்டியே கணிக்கத்தக்க விதத்தில் எழுவதால், புதிய வலிநிவாரணிகளைச் சோதிப்பதற்கு ஞானப்பல் அறுவை செய்துகொண்டோரையே ஆய்வாளர்கள் பெரிதும் நாடுகின்றனர். அதன் பயனாக, எந்த மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பது இத்துறையில் தெளிவாகவே அறியப்பட்டுள்ளது. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் சேர்ந்து தரும் நிவாரணம், அபின் வகை மருந்துகள் தருவதற்குக் குறையாததாகவும் பக்கவிளைவு குறைந்ததாகவும் காணப்பட்டுள்ளது. மரத்த உணர்வு முற்றிலும் நீங்குவதற்கு முன்பே முதல் மாத்திரையை எடுத்துக்கொள்வது பயன் தரும்.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, சிலவகை ஆஸ்துமா உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் இபுப்ரோஃபென் உட்கொள்ளுதல் கூடாது. பாராசிட்டமால் பெரியோருக்கு ஒரு நாளில் 4 கிராமை மிஞ்சக்கூடாது. சளி, காய்ச்சலுக்கான கூட்டு மாத்திரைகளிலும் அது கலந்திருப்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுப்பதால் பல்வலிக்கு ஏற்றதன்று. டெங்கு பரவும் காலத்தில் கடுங்காய்ச்சல் கண்டால், அதனைப் பல்லினால் வந்தது என்று தாமே முடிவுசெய்து இபுப்ரோஃபெனைத் தொடர்வது ஆபத்தானது. அது இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

வீக்கம் உடனே உச்சத்தை அடைவதில்லை. இரண்டாம் நாள் காலையில் கன்னம் முதல்நாளைவிடப் பெருத்திருப்பதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். அறுவையினால் ஏற்படும் வீக்கம் 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சமடைந்து, பின்னர் வடிவதே இயல்பு. முதல் நாளில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறத்தில் 15 முதல் 20 நிமிடங்கள் வைத்து, அதே அளவு நேரம் எடுத்துவிட்டு மீண்டும் வைக்கலாம். இரண்டு நாட்களுக்குப் பின் இளஞ்சூட்டு ஒத்தடம் இதமளிக்கும். முதியோருக்குக் கன்னமும் கழுத்தும் கன்றி, நீலமாகிப் பின் மஞ்சளாக மாறுவதுண்டு; இது தானே மறையும். கீழ்த்தாடையில் ஊசி இட்ட பின்னர் சில நாட்கள் வாயை முழுதும் திறக்க இயலாமல் தாடை இறுகியிருக்கலாம்.

உடல்நலமுள்ள ஒருவருக்கு எளிய பல் பிடுங்கலுக்குப் பின் நுண்ணுயிர் எதிர்ப்பி வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. வீட்டில் எஞ்சியிருக்கும் மாத்திரைகளைத் தாமாகவே உட்கொள்வதால் காயம் விரைவில் ஆறுவதில்லை.

உலர் பற்குழி

இரத்தக்கட்டி சரியாக உருவாகாமலோ முன்கூட்டியே கரைந்தோ போவதால் பற்குழியின் எலும்பு வெளித்தெரியும் நிலை உலர் பற்குழி எனப்படுகிறது. இந்நிலையை 1896இல் கிராஃபோர்ட் என்பவர் முதன்முதலில் விவரித்தார். வழக்கமான பல் பிடுங்கல்களில் 100இல் ஒருவர் முதல் ஐவர் வரை இதற்கு உள்ளாகின்றனர். கீழ்த்தாடை ஞானப்பல் அறுவையில் இது சில ஆய்வுகளில் 30 விழுக்காடு வரை சென்றுள்ளது.

இது தோன்றும் காலமே நோயாளியைக் குழப்புவதாகும். முதல் நாள் வலி குறைந்து, நிம்மதி அடைந்திருக்கும் நிலையில், இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே முன்பைவிடக் கடுமையான வலி தொடங்குகிறது. அது காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பரவும். வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காது. வாயில் துர்நாற்றமும் கெட்ட சுவையும் இருக்கும். குழி வெறுமையாக, சாம்பல் நிற எலும்புடன் காணப்படும். வலி நாளுக்கு நாள் குறைகிறதா, அல்லது குறைந்தபின் கூடுகிறதா என்பதே இயல்பான வலியையும் உலர் பற்குழியின் வலியையும் பிரித்தறிய உதவும் எளிய வழியாகும்.

கட்டி இயந்திர முறையில் பெயர்ந்துவிடுவதால் மட்டும் இந்நிலை உண்டாவதில்லை. காயத்தைச் சூழ்ந்த திசுக்களிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் வெளிப்படும் பொருட்கள் கட்டியின் ஃபைப்ரினைக் கரைத்துவிடுவதே அடிப்படைக் காரணம் என்னும் விளக்கம் 1970களில் முன்வைக்கப்பட்டு இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது. புகைத்தல், கடினமான அறுவை, பல்லைச் சூழ முன்பே இருந்த தொற்று, கருத்தடை மாத்திரை உட்கொள்ளுதல் ஆகியன வாய்ப்பைக் கூட்டுகின்றன. எனவே அறிவுரைகளை வழுவாது பின்பற்றியவருக்கும் இது வரக்கூடும். நோயாளி ஏதோ தவறு செய்துவிட்டார் என்று கடிந்துகொள்வதற்கு எப்போதும் இடமில்லை.

உலர் பற்குழி சீழ்பிடித்த தொற்று அன்று. காய்ச்சலும் பொதுவாக இருப்பதில்லை. ஆதலால் நுண்ணுயிர் எதிர்ப்பியால் வலி தீர்வதில்லை. மருத்துவர் குழியை உப்புநீர்மத்தால் கழுவி, யூஜெனால் கலந்த மருந்துத் திரியை உள்ளே வைப்பார். வலி பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கத் தொடங்கும். யூஜெனால் கிராம்பு எண்ணெயின் முதன்மைப் பொருளாகும். இதனை அறிந்து சிலர் கிராம்பு எண்ணெயை வீட்டிலேயே புதிய காயத்தில் நேரடியாக ஊற்றுகின்றனர். செறிவான எண்ணெய் மென்திசுவை எரித்துப் புண்ணாக்கும். மருத்துவம் செய்தாலும் செய்யாவிட்டாலும் குழி இறுதியில் ஆறிவிடும். ஒரு வாரம் முதல் 10 நாட்கள் வரை நீடிக்கும் கடும் வலியைத் தவிர்ப்பதே மருத்துவத்தின் நோக்கமாகும்.

பல் உள்வைப்பும் எலும்பு இணைவும்

தற்காலப் பல் உள்வைப்பு, எலும்பும் டைட்டேனியமும் இடையே வேறு திசு இன்றி நேரடியாக இணையும் தன்மையை அடிப்படையாகக் கொண்டது. சுவீடனைச் சேர்ந்த பேர்-இங்வார் பிரோனெமார்க் 1952இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் எலும்பினுள் இரத்த ஓட்டத்தை ஆராய்வதற்காக முயல்களின் கால் எலும்பில் டைட்டேனியக் கூடுகளைப் பொருத்தினார். ஆய்வு முடிந்தபின் அவற்றைக் கழற்ற முயன்றபோது அவை எலும்புடன் பிரிக்க இயலாதவாறு இணைந்திருந்தன. 1965இல் கோத்தன்பர்க் நகரில் முதல் நோயாளிக்கு இவ்வகை உள்வைப்பு செய்யப்பட்டது. அவர் 2006இல் இறக்கும் வரை 40 ஆண்டுகளுக்கும் மேலாக அவை பயன்பட்டன. 1982இல் டொராண்டோவில் நடைபெற்ற மாநாட்டுக்குப் பின்னரே வட அமெரிக்கப் பல் மருத்துவர்கள் இம்முறையைப் பரவலாக ஏற்றனர். பிரோனெமார்க் 2014இல் காலமானார்.

அவர் வகுத்த தொடக்க முறையில், திருகாணியைப் பொருத்தி ஈறால் மூடித் தைத்துவிட்டு, கீழ்த்தாடையில் மூன்று, நான்கு மாதங்களும் மேல்தாடையில் ஏறத்தாழ ஆறு மாதங்களும் எவ்வித அழுத்தமும் இன்றி விடப்பட்டது. மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதே இவ்வேறுபாட்டின் காரணமாகும். திருகாணியின் மேற்பரப்பு மேம்படுத்தப்பட்டதால் இக்காலம் தற்போது குறைந்துள்ளது. எலும்பு உறுதியாக உள்ள தெரிந்தெடுத்த நோயாளிகளுக்குப் பல் பிடுங்கிய அன்றே உள்வைப்பு செய்வதும் உண்டு. இல்லையெனில் ஈறு ஆறும்வரை 4 முதல் 8 வாரங்களோ, எலும்பு ஓரளவு நிரம்பும்வரை 12 முதல் 16 வாரங்களோ காத்திருப்பர்.

அறுவை முடிந்த நாளில் திருகாணி உறுதியாகவே இருக்கும். இது மரத்தில் முறுக்கிய திருகாணியின் உறுதியைப் போன்றது. உயிருள்ள இணைவினால் வந்ததன்று. அடுத்த வாரங்களில் திருகாணியை இறுகப் பிடித்திருந்த பழைய எலும்பு சிறிது கரைந்து, அவ்விடத்தில் புதிய எலும்பு உருவாகத் தொடங்குகிறது. பழைய பிடிப்பு தளர்ந்தும் புதிய பிடிப்பு முற்றுப்பெறாமலும் உள்ள இடைக்காலம் ஏறத்தாழ மூன்றாம், நான்காம் வாரங்களில் அமைகிறது. உள்வைப்பு மிகவும் வலுக்குன்றியிருப்பது இவ்வாரங்களில்தான். ஆனால் அதற்குள் தையல் பிரிக்கப்பட்டு, வீக்கம் வடிந்து, வலியும் முற்றாக நின்றிருக்கும். நோயாளி அப்பக்கத்தால் மெல்லத் துணிவது பெரும்பாலும் இக்காலத்திலேயே ஆகும்.

எலும்புக்கும் திருகாணிக்கும் இடையே ஏறத்தாழ 50 முதல் 150 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட அசைவு தொடர்ந்து ஏற்பட்டால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு உருவாகி இணைவு தடைபடும் எனக் கருதப்படுகிறது. இது ஓரிரு தலைமுடிகளின் தடிப்பளவே. இயற்கைப் பல்லைச் சூழ்ந்து அழுத்தத்தை உணரும் இழைப்படலம் உள்வைப்பைச் சூழ இல்லை. அதனால் மிகையான அழுத்தம் தரப்படுகிறது என்னும் எச்சரிக்கை நோயாளிக்கு நுட்பமாகக் கிட்டுவதில்லை. இணைவு தோல்வியுற்ற உள்வைப்பும் நெடுநாள் வலியின்றி இருக்கக்கூடும். நோயாளியின் உணர்வை நம்பாமல் நாட்காட்டியை நம்பி மருத்துவர் காத்திருக்கச் சொல்வது இதனாலேயே.

உள்வைப்புக்குப் பிந்தைய பராமரிப்பு

போதிய எலும்புள்ள இடத்தில் ஒற்றை உள்வைப்பு செய்துகொண்டோரில் பலர், பல் பிடுங்கியபோது இருந்ததைவிட வலி குறைவு என்றே கூறுகின்றனர். இரத்தக்கசிவு, குளிர் ஒத்தடம், உப்புநீர், மென்மையான உணவு ஆகியவை பற்றி மேலே கூறியவை இதற்கும் பொருந்தும். தையல் கரையாத நூலாயின் 7 முதல் 10 நாட்களில் பிரிக்கப்படும். அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம் அமொக்சிசிலின் ஒரே வேளையாகத் தருவது தோல்வியைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பென்சிலின் ஒவ்வாமை உடையோர் இதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

ஈறுக்கு வெளியே சிறிய உலோக மூடி தெரியுமாறு விடப்பட்டிருந்தால், அதனை நாக்கால் தொடர்ந்து தள்ளிப் பார்த்தல் கூடாது. மூடி தளர்ந்தால் தாமே திருகி இறுக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கழற்றி மாட்டும் பழைய பல்செட்டை மருத்துவர் உட்புறம் குடைந்து தருவதற்கு முன் அணிவது, உணவு மெல்வதைவிடவும் தீங்கானது. அது நாள் முழுவதும் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருக்கும். எலும்புத்தூள் ஒட்டு வைக்கப்பட்டிருந்தால் முதல் சில நாட்களில் மணல் போன்ற சில துகள்கள் வாயில் தட்டுப்படுவது இயல்பாகும்.

மேல்தாடையின் பின்பற்களுக்கு மேலே சைனஸ் எனப்படும் காற்றறை உள்ளது. அப்பகுதியில் பல் பிடுங்கும்போது காற்றறையின் அடித்தளம் திறந்துகொண்டாலோ, உள்வைப்புக்காக அதனை உயர்த்தி எலும்பு ஒட்டு வைக்கப்பட்டாலோ, ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு மூக்கைச் சிந்துதல், பலூன் ஊதுதல், குழல்வாத்தியம் வாசித்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். நீர் அருந்தும்போது அது மூக்கின் வழியே வருமாயின் மருத்துவரிடம் தெரிவித்தல் அவசியம்.

தனிக்கவனம் தேவைப்படுவோர்

இதயநோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபாரின் போன்றவற்றை உட்கொள்வோர், பல் பிடுங்குவதற்காக அவற்றைத் தாமாகவே நிறுத்துவது பெருந்தவறாகும். குழியிலிருந்து வடியும் இரத்தத்தை அழுத்தியும் தைத்தும் நிறுத்தலாம். மருந்தை நிறுத்தியதால் மூளையிலோ இதயத்திலோ ஏற்படும் அடைப்பை அவ்வாறு சரிசெய்ய இயலாது. வார்ஃபாரின் எடுப்போருக்கு அறுவைக்கு முன் இரத்தம் உறையும் அளவு பரிசோதிக்கப்படும்.

கட்டுப்பாடற்ற நீரிழிவு காயம் ஆறுவதைத் தாமதிக்கிறது. எலும்புத் தேய்வுக்கும் எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள், அரிதாகப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு பட்டுப்போகச் செய்யக்கூடும் என்பது 2003இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. புற்றுநோய்க்கு ஊசியாக ஏற்றப்படும்போது இவ்வாய்ப்பு மிகுதி. எலும்புத் தேய்வுக்கான மாத்திரையில் மிகக் குறைவு. தாடைப் பகுதியில் கதிர்வீச்சு மருத்துவம் பெற்றோருக்கும் இத்தகைய ஆபத்து ஆண்டுகள் கழிந்தும் நீங்குவதில்லை. இம்மருந்துகள் பல்லுடன் தொடர்பற்றவை என எண்ணிப் பலர் பல் மருத்துவரிடம் கூறாமல் விடுகின்றனர்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

அழுத்திக் கடித்தும் நில்லாத இரத்தப்போக்கு, மூன்றாம் நாளுக்குப் பின்னும் கூடிச்செல்லும் வீக்கம், காய்ச்சல், சீழ் ஆகியன தோன்றினால் காத்திருத்தல் கூடாது. நாக்கின் அடியும் தாடையின் கீழும் இறுகி வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் அது உயிருக்கே ஆபத்தான நிலையாகும். லூட்விக் என்னும் செருமானிய மருத்துவர் 1836இல் விவரித்த இந்நோயில் தொற்று மூச்சுப்பாதையை அடைத்துவிடும். பல் மருத்துவமனை திறக்கும்வரை காத்திராமல் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கீழ்த்தாடையில் உள்வைப்பு செய்த பின் ஊசியின் வேகம் தணிந்தும் கீழுதடோ மோவாயோ மரத்தே இருந்தால், அதனை அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். திருகாணி தாடையினுள் செல்லும் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கக்கூடும். ஓரிரு நாட்களுக்குள் அதனை எடுத்துவிட்டால் நரம்பு மீளும் வாய்ப்பு மிகுதி. சில வாரங்களில் தானே சரியாகிவிடும் என்று பொறுத்திருந்தால் அவ்வாய்ப்பு நழுவிவிடும்.

மக்களிடையே வழங்கும் நம்பிக்கைகள்

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குன்றும் என்ற நம்பிக்கை தமிழரிடையேயும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் பரவலாக உள்ளது. மேற்பற்களின் உணர்வை எடுத்துச்செல்வது ஐந்தாம் மூளை நரம்பின் கிளையாகும். பார்வைக்குரியது இரண்டாம் மூளை நரம்பு. இரண்டும் வெவ்வேறு வழிகளில் மூளையை அடைகின்றன. பல்லைப் பிடுங்குவதால் பார்வை நரம்பு அறுபடுவதில்லை. மேல்தாடையில் இட்ட ஊசியின் மருந்து அரிதாகக் கண்குழி வரை பரவிச் சிறிது நேரம் பார்வை இரட்டையாகத் தெரிவதுண்டு. மருந்து தணிந்ததும் அது நீங்கிவிடும். பற்களை இழக்கும் வயதும் கண்புரை தோன்றும் வயதும் பலருக்கு ஒன்றாக அமைவது இந்நம்பிக்கைக்கு வலுவூட்டியிருக்கலாம். இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. சொத்தையாகிச் சீழ்பிடித்த மேற்பல்லை அஞ்சி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்போரிடம் அத்தொற்றே கன்னத்துக்கும், அரிதாகக் கண்குழிக்கும் பரவுகிறது.